இளவட்டக்கல் எடை இழந்த மார்கழி

செங்கணாங்குளத்து இளவட்டக்கல் தன் எடையை இழந்தது ஒரு மார்கழிச் செவ்வாய்க்கிழமை காலையில். அதை முதலில் அறிந்துகொண்டது பலவேசத்தின் வெள்ளாடு. விடிந்ததும் விலாவை அந்தக் கல்லில் தேய்த்துச் சொறிந்துகொள்ளும் வழக்கமுள்ள அந்த ஆடு, அன்றும் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகச் சாய, கல் மெதுவாக, மிக மெதுவாக, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நகர்ந்து போய்விட, ஆடு பொத்தென்று மண்ணில் விழுந்தது. எழுந்து நின்று திரும்பிப் பார்த்தது. கல் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் மந்தைவெளியில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே டீக்கடையில் நின்ற சுடலை, பால் ஆற்றும் கையை நிறுத்தாமலே, கட்டு அவிழ்ந்த கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வது போல, "ஏல, கல்லு போவுது பாரு, யாராவது பிடிங்கல" என்றார்.

அது அப்படி லேசாகப் போகக்கூடிய கல் இல்லை. ஆள் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் அந்தப் பக்கம் சந்திக்காத உருண்டைக் கல்; பிடிக்க ஓரம் கிடையாது, விரல் மாட்டக் குழி கிடையாது, வழவழவென்று எண்ணெய் தடவிய மொட்டைத் தலை மாதிரி மந்தையில் கிடக்கும். பொங்கலன்று சாயங்காலம் அதைக் குனிந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மடியில் வாங்கி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குத் தள்ளி, முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். மற்ற ஊர்களில் அப்படிப் போட்டவனுக்குப் பெண் கொடுத்தார்கள். செங்கணாங்குளத்துக்காரர்கள் கொஞ்சம் வேறு மாதிரி. அவர்கள் பெண்ணைக் கொடுக்கவில்லை, பேச்சைக் கொடுத்தார்கள். கல்லைப் பின்னால் போட்டவர் பெயரைச் சாவடிச் சுவரில் எழுதுவார்கள். சுவரில் பெயர் உள்ளவர்தான் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்கலாம். மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் பேசிக்கொள்ள வேண்டியதுதான். பெண்கள் தூக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இருக்கவில்லை. அப்படி ஒருத்தி வந்து நிற்பாள் என்று யாருக்கும் தோன்றாததால் விதி போட மறந்துவிட்டார்கள்.

அந்த மறதிக்குள் நுழைந்தவள் முப்பிடாதி. சுற்றுப்பட்டி வீடுகளுக்கெல்லாம் மொபெட்டில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுகிறவள். ஊர்க்கூட்டத்தில் சொல்ல அவளிடம் ஒரே ஒரு விஷயம் இருந்தது. குளத்தில் பெண்கள் படித்துறையின் மூன்றாவது படி உடைந்து கிடக்கிறது; அதைக் கட்ட வேண்டும்; அவ்வளவுதான். அந்தப் படியில் வழுக்கித்தான் அவளுடைய அண்ணன் மனைவி ஆவுடை, ஏழு மாத வயிற்றோடும் இடுப்பில் குடத்தோடும் விழுந்தாள். குடம் நசுங்கியது. பிள்ளை நிற்கவில்லை. அதற்குப் பிறகு கூடிய ஊர்க்கூட்டங்களில் பேசி ஆண்களின் படித்துறைக்கு மேற்கூரை போட்டார்கள், மந்தைக்கு டியூப்லைட் போட்டார்கள், அந்த டியூப்லைட்டுக்குக் கூண்டும் போட்டார்கள். மூன்றாவது படியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆவுடையின் புருஷனுக்கோ, முப்பிடாதியின் புருஷனுக்கோ அந்தக் கல்லைத் தூக்கும் தெம்பு இல்லை. ஒருவர் ஆஸ்துமாக்காரர், இன்னொருவர் கொல்லத்தில் பேக்கரியில் பன் சுட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் நானே தூக்குகிறேன் என்று முப்பிடாதி போன பொங்கலுக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மந்தைக்குள் இறங்கினாள்.

கல் அவள் முழங்கால் வரை வந்தது. பிறகு நழுவி அவளுடைய கால் பெருவிரலில் விழுந்தது. சுவரில் மற்ற எல்லாரையும்விட அதிகமுறை பெயர் எழுதப்பட்டிருந்த பலவேசம், மீசையைத் தடவிக்கொண்டு, "தாயி, சிலிண்டர்னா பிடிக்கக் கைப்பிடி இருக்கும். கல்லுக்குக் கெடையாதுலா" என்று சொல்ல, மந்தையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முப்பிடாதி நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள், விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள், நகம் கறுத்து விழுந்து புது நகம் முளைப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து சிலிண்டர்களைக் கைப்பிடியைத் தொடாமல் கட்டிப்பிடித்தே தூக்கினாள். மாடிவீட்டுக்காரர்கள் சிலிண்டர் கேட்டால் சந்தோஷப்பட்டாள். வருகிற பொங்கலுக்கு அந்தக் கல் என் முதுகுக்குப் பின்னால் விழும் என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். அப்படி வருஷமெல்லாம் பாடுபட்டு, பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில்தான் கல் இப்படிச் செய்தது.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் ரேஷன்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள், சைபர் காட்டியது. அந்தத் தராசின் பேச்சை யார் நம்புவார்கள் என்று பால் சொசைட்டித் தராசில் வைத்தார்கள். அதுவும் சைபர் காட்டியது. சரி, போய்விட்டது, அவ்வளவுதான் என்று திரும்பவும் மந்தையில் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாள் விடிந்தபோது கல் இருந்த இடத்தில் இல்லை. தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய் வேப்பமரக் கிளையில் பட்டம் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. இறக்கி, இடுப்பில் கயிறு சுற்றி, கயிற்று நுனியில் ஓர் அரைச்செங்கல்லைக் கட்டிவிட்டார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஊரின் இளவட்டங்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்த கல், அன்று முதல் ஓர் அரைச்செங்கல்லின் பொறுப்பில் இருந்தது.

பிறகு எல்லாரும் தூக்கினார்கள். வாழ்நாள் முழுவதும் கூட்டத்தில் வாய் மூடியிருந்த தையல்காரர் தூக்கினார். ஆஸ்துமாக்கார அண்ணன் தூக்கினார். திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து தூக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனவர்கள் உண்டு. இன்னும் நடக்கப் பழகாத பிள்ளையின் உள்ளங்கையைக் கல்லுக்கு அடியில் வைத்து, தூக்கிவிட்டான், பெயரை எழுது என்று ஒரு தகப்பன் சண்டை பிடித்தான். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தலைக்கு மேல் பிடித்துப் போட்டோ எடுக்கவென்று கல்லை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். சொன்னபடி மறுவீட்டுப் பலகாரத்தோடு திருப்பியும் கொண்டுவந்து விட்டார்கள். மந்தையில் பனங்கிழங்கு விற்கிறவர்கள் கடை பரப்பினார்கள். சாவடிச் சுவரில் இடம் போதாமல் தூணில் எழுதினார்கள், தூணில் போதாமல் படியில் எழுதினார்கள். பலவேசம் மட்டும் முதல் நாள் வந்து, ஒற்றை விரலால் கல்லைத் தூக்கிப் பார்த்து, கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

தூக்காதவள் முப்பிடாதி ஒருத்திதான்.

"ஏட்டி, ஊரே தூக்குது. நீயும் போயித் தூக்கிட்டு, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாயேன்" என்றாள் ஆவுடை.

"வேண்டாம் மைனி. நாளைக்கு ஒருத்தன் எந்திரிச்சு, நீ தூக்குனது கல்லா பலூனான்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல?"

"அப்போ என்ன செய்யப் போற?"

"தெரியல. ஆனா இந்தத் தூக்கு எனக்கு வேண்டாம்."

ஆவுடைக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதை வேண்டாம் என்கிறாளே, இவளுக்கு என்ன திமிர் என்று நினைத்தாள். ஆனால் முப்பிடாதி சொன்னதுதான் நடந்தது. எல்லாருக்கும் வாய் கிடைத்தவுடன் கூடிய ஊர்க்கூட்டத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, யார் பேசுவதும் யாருக்கும் கேட்காமல், கடைசியில் பெண்கள் வழக்கமாக நின்று கேட்கும் வேப்பமரத்தடி வரை செருப்புப் பறந்தது. ஊர்த்தலைவர் தளவாய் துண்டை உதறி எழுந்தார்.

"ஆடு விழுந்த செவ்வாய்க்கிழமைக்கு முன்னால எழுதுன பேருதான் செல்லும். அதுக்குப் பொறவு எழுதுனது அம்புட்டையும் சுண்ணாம்பு அடிச்சு அழி. இனிமே புதுசாப் பேரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கல்லுக்கு எடை போயாச்சு. அப்படிப்பட்ட கல்லு ஊருக்குள்ள கெடக்கது நல்லதில்ல. பொங்கலன்னைக்கு மேளதாளத்தோட குளத்துக்கு மேல தள்ளி அனுப்பிருவோம். அது எங்க போவுமோ போவட்டும்."

வேப்பமரத்தடியில் நின்ற முப்பிடாதிக்கு விளங்கிவிட்டது. கல் போனால் சுவர் மூடியது மூடியதுதான். அவள் பெயருக்கு மட்டுமல்ல, இனிப் பிறக்கிற எவள் பெயருக்கும் அதில் இடம் கிடையாது. மூன்றாவது படி அப்படியேதான் கிடக்கும். வேப்பமரத்தடியிலிருந்து ஓர் அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தாள். தளவாய் திரும்பிப் பார்த்து, "பொம்பளையளு கேக்கலாம், பேசக் கூடாது. தெரியும்லா?" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுக்கவில்லை. கூட்டம் கலையும் வரை அங்கேயே நின்றாள்.

இதற்கிடையில் கல் சில வேலைகள் செய்திருந்தது. ஒரு நாள் பையன்கள் விளையாட்டாகத் தள்ளிவிட, அது நடந்துபோகும் வேகத்தில் முடிவெட்டும் கடைப் பக்கம் மிதந்து வர, கடைக்காரர் பந்தைத் தடுப்பது போல ஒரு கையை நீட்டினார். கை மணிக்கட்டில் மடங்கிப்போய், கல் கடைக்குள் நுழைந்து, கண்ணாடியை உடைத்து, சுவரில் மோதிய பிறகுதான் நின்றது. ஊரார் அதைக் கண்திருஷ்டி என்று சொல்லி, கல்லுக்கு ஒரு பூசணிக்காய் சுற்றிப் போட்டார்கள். பள்ளிக்கூடத்து ஜெபராணி டீச்சர் மட்டும் டீக்கடை முன்னால் நின்று, "எடைதாங்க போச்சு, நிறை போவல" என்று சன்னக் குரலில் சொல்லிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. அவர் சொல்லை அவர் வகுப்பே கேட்காது. "டீச்சர், தராசுல சைபர் காட்டுதே, பொறவு என்ன நிறை?" என்று சுடலை கேட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பேச்சு காற்றுவாக்கில் முப்பிடாதி காதுக்கு வந்தது. அடுத்த சிலிண்டரை டீச்சர் வீட்டில் இறக்கியவள், கிளம்பாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர், போன எடை திரும்பி வருமா?"

"தெரியலக்கா. அது ஏன் போச்சுன்னே எங்க புத்தகத்துல இல்ல. ஆனா போனது எடை மட்டுந்தான். எடைங்கிறது பூமி அந்தக் கல்லப் பிடிச்சு இழுக்குறது. அந்தப் பிடி விட்டுப்போச்சு, அவ்வளவுதான். கல்லுக்குள்ள இருக்குற சரக்கு ஒரு துளி குறையல. நிக்கிற கல்லு நிக்கத்தான் பாக்கும். ஓட ஆரம்பிச்சா ஓடத்தான் பாக்கும், அதுவும் நேராத்தான் ஓடும். திருப்பணும்னாலும் நிறுத்தணும்னாலும் முன்ன எவ்வளவு பாடுபடணுமோ, இப்பவும் அவ்வளவு படணும்."

முப்பிடாதி வாசலில் நின்ற மொபெட்டைப் பார்த்தாள். "சிலிண்டர் ஏத்திக்கிட்டுப் போகையில திடீர்னு பிரேக் போட்டா, அது முதுகுல வந்து முட்டும்லா. அது மாரியா?"

"அதேதான்க்கா! அதுனாலதான் நீங்க என்ன செய்வீங்க?"

"தூரத்துலயே பாத்து, கொஞ்சங் கொஞ்சமா பிடிப்பேன்."

டீச்சர் கையைத் தட்டிச் சிரித்தார். தான் சொல்வது ஒருவருக்காவது புரிந்துவிட்டதே என்று அவருக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. முப்பிடாதி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"அப்போ கல்லு சாவல" என்றாள். "உசுரோட இருக்க கல்ல இவனுவ தூக்கிப் போடப் போறானுவ. விட மாட்டேன், பாருங்க."

அன்றிலிருந்து, ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான வேளையில், மந்தையில் முப்பிடாதி மட்டும் இருந்தாள். கல்லை அவள் தூக்கவில்லை. தள்ளினாள். முதல் தடவை உள்ளங்கையை வைத்துத் தள்ளியபோது கல் அசைய மறுத்தது. எடையே இல்லாத கல், தரையைத் தொடாமல் நிற்கும் கல், அவள் கையை அவளிடமே திருப்பித் தள்ளியது. போன பொங்கலன்று அவள் நெஞ்சில் உரசிய அதே பிடிவாதம். "நீதானா?" என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். விடாமல் தள்ள, மெல்ல நகர்ந்து, பிறகு போய்க்கொண்டே இருந்தது. முன்னால் ஓடிப்போய் நின்று தடுத்தாள். அவளையும் வாரிக்கொண்டு சாவடித் தூண் வரை போனது. மறுநாள் முழங்கை சிராய்ப்போடு திரும்பவும் வந்தாள். எதிரே நிற்பதில் பிரயோசனமில்லை என்று கண்டுகொண்டாள். கூடவே ஓட வேண்டும், அதன் வேகத்துக்கு ஓட வேண்டும், பின்பக்கத்திலிருந்து கட்டிப்பிடிக்க வேண்டும், பிறகு குதிகாலை மண்ணில் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனைக் கழிப்பது போல அதன் ஓட்டத்தைக் கழிக்க வேண்டும். கல்லுக்கு எடை இல்லாததால் தரை அதைப் பிடிக்கவில்லை. அவளுக்கு எடை இருந்ததால் அவள் காலைத் தரை பிடித்துக்கொண்டது. தள்ளினாள், ஓடினாள், பிடித்தாள், நிறுத்தினாள். மறுபடி தள்ளினாள், ஓடினாள், பிடித்தாள், நிறுத்தினாள். வேப்பமரத்திலிருந்து சாவடிக்கும் சாவடியிலிருந்து வேப்பமரத்துக்கும், மார்கழி தேய்ந்து தை நெருங்கும் வரை. வீட்டுத் திண்ணையில் ஒருக்களித்துப் படுத்தபடி அதைப் பார்த்த ஒன்றிரண்டு பேர், பாவம், தூக்க முடியாமல் போன ஏக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் அவள் பலவேசம் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தார். கல்லை அனுப்பி வைக்கும் பொறுப்பைத் தளவாய் அவரிடம்தான் கொடுத்திருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குக் குளத்துக்குக் கொண்டு போகையில பள்ளிக்கூடத்து வளைவுல கல்லு திரும்பாது. நேரா மதிலுக்குத்தான் போவும். பிள்ளையளு பூரா அந்த மதில்லதான் ஏறி இருக்கும்."

"கயிறு கட்டித்தான தாயி கொண்டு போறோம். வளைவு வந்ததும் நாலஞ்சு பேரு சேந்து கன்னுக்குட்டியத் திருப்புத மாரித் திருப்பிர வேண்டியதான்."

"நீங்க தூக்குன கல்லுலா அண்ணாச்சி அது. அதப் போயி கன்னுக்குட்டிங்கியளே."

பலவேசம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. சாவு வீட்டில் பேசுவது போல, "அதுல எடையே இல்ல தாயி" என்றார். கையிலிருந்த மிச்சக் குழையை ஆட்டின் முன்னால் போட்டார். முப்பிடாதிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் அவள் வந்த வேலை நடக்கவில்லை.

பொங்கலன்று சாயங்காலம் கல்லுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, அரைச்செங்கல்லை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் வடக்கயிறு கட்டினார்கள். திட்டம் சுலபமானது. இளவட்டங்கள் மந்தையிலிருந்து நடுத்தெரு வழியாகக் கல்லைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். பள்ளிக்கூடத்து வளைவில் கயிற்றுக்காரர்கள் அதை மேற்கே திருப்ப வேண்டும். குளக்கரை ஏறியதும் கயிற்றை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெரிய பெரிய கோலம். பள்ளி மதில்மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருக்க, மதிலடியில் பெண்கள் நின்றிருந்தார்கள், ஆவுடையும் நின்றிருந்தாள். முப்பிடாதி அவர்களோடு சேரவில்லை. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையை வரிந்து செருகிக்கொண்டு தெருவோரத்தில் தனியாக நின்றாள்.

மேளம் அடித்தது. இளவட்டங்கள் தள்ளினார்கள். கல் நகரவில்லை. சிரித்துக்கொண்டு தள்ளினார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தள்ளினார்கள். நெஞ்சு உயரத்தில் மிதந்த கல் மெல்லப் புறப்பட்டது. மேளம் சூடு பிடிக்க, தள்ளுகிறவர்கள் நடந்தார்கள், வேகமாக நடந்தார்கள், ஓடினார்கள், ஓடிக்கொண்டே தள்ளினார்கள், அத்தனை தோள்களின் தள்ளலையும் கல் ஒன்று விடாமல் வாங்கி வைத்துக்கொண்டு, நடுத்தெருவின் நீளமெல்லாம் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தது. கடைசியில் அவர்களால் அதனோடு ஓட முடியவில்லை, கையை விட்டார்கள். கல் விடவில்லை. வளைவு வந்ததும் கயிற்றுக்காரர்கள் ஹோவென்று கத்திக்கொண்டு மேற்கே இழுத்தார்கள். கயிறு விறைத்தது, கால்கள் சறுக்கின, உள்ளங்கைத் தோல் உரிந்தது, கயிறு கைவிட்டுப் போனது. கல்லின் மூக்கு இம்மிதான் திரும்பியிருக்கும். அது மாலையும் சந்தனமுமாக நேரே மதிலை நோக்கிப் போனது.

பலவேசம்தான் முதலில் பாய்ந்தார். எத்தனையோ பொங்கலுக்கு அந்தக் கல்லை நெஞ்சில் வாங்கிய மனிதர், அன்றும் நெஞ்சை நிமிர்த்தி அதன் எதிரே போய் நின்றார். "முன்னால நிக்காதிய அண்ணாச்சி!" என்று முப்பிடாதி கத்தியது அவர் காதில் விழுவதற்குள் கல் அவரை மல்லாக்கத் தள்ளிவிட்டு, கொஞ்சம் வேகம் குறைந்து, அவருக்கு மேலாகவே போனது.

முப்பிடாதி ஓடினாள். கல்லுக்கு எதிரே ஓடவில்லை, கூட ஓடினாள். அதன் வேகத்துக்கு வந்ததும் பின்பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் அணைத்து, கன்னத்தைச் சந்தனத்தில் அழுத்தி, குதிகாலை ஊன்றினாள். கல் அவளை இழுத்தது. அவள் விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடித்தாள். குதிகால்கள் ஒரு வீட்டுக் கோலத்தை அழித்தன, அடுத்த வீட்டுக் கோலத்தை அழித்தன, தெருவில் இரண்டு ஏர்ச்சால் போட்டதுபோல மண் பிளந்தது. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஒரு பாதத்தில் தோல் கிழிந்து எரிந்தது. இப்போது கையை விட்டால் தப்பிக்கலாம் என்று உடம்பு சொன்னது, விட மாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மதிலடிப் பெண்கள் அலறிக்கொண்டு விலக, பிள்ளைகள் விலகத் தெரியாமல் கரும்போடு அப்படியே உட்கார்ந்திருக்க, ஓட்டம் நடையானது, நடை ஊர்தலானது, மதிலுக்கு ஒரு சாண் இருக்கும்போது கல் நின்றது. மதில்மேல் இருந்த ஒரு சிறுமி காலை நீட்டிப் பெருவிரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் எடை திரும்பி வந்தது. கிணற்றில் ஊற்று ஏறுவது போல, முப்பிடாதியின் கைகளுக்குள் கல் கனக்கத் தொடங்கியது. முதலில் ஒரு குடம் அளவுக்கு, பிறகு ஒரு மூட்டை அளவுக்கு, பிறகு முழுக்கல்லாக. அவள் முழங்கால் மடங்கியது, விழாமல் நின்றாள். ஏன் போனது, ஏன் வந்தது என்று செங்கணாங்குளத்தில் இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை. வந்த நேரத்தைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள்.

கல் அவள் நெஞ்சில் இருந்தது. தசைகள் புடைத்து நின்ற அவள் கைகளைப் பார்த்ததும் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "எடை வந்துட்டு! எடை வந்துட்டு!" என்று சுடலை கூவினார். "நெஞ்சு வரைக்கும் வந்தாச்சு, பொறவு என்ன, பின்னால போடுட்டி முப்பிடாதி!" என்று ஆவுடை கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்போது தெருப்புழுதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பலவேசம் வாயைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு வலித்தது.

"தரையிலேருந்து எடுக்கலயே" என்றார்.

குலவை நின்றுவிட்டது. பிள்ளைகளைக் காப்பாற்றியவளிடம் இப்போது போய்ச் சட்டம் பேசுகிறானே என்று எல்லாரும் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். ஆவுடை வசவுக்கே வாயெடுத்தாள். ஆனால் முப்பிடாதி அவரைப் பார்த்த பார்வையில் நன்றிதான் இருந்தது. அந்த ஊரில் அந்தக் கல்லைப் பற்றி அவளிடம் இதுவரை யாரும் இப்படி, ஓர் ஆளிடம் பேசுவது போலப் பேசியதில்லை.

"அண்ணாச்சி சொல்லுததுதான் சரி" என்றாள்.

கல்லை நெஞ்சிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து தரைக்கும் இறக்கினாள். போடவில்லை, இறக்கி வைத்தாள். அதன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மதில்மேல் இருந்த சிறுமியிடம் கொடுத்தாள். சந்தனம் வழுக்கும் என்று முந்தானையால் கல்லைச் சுற்றித் துடைத்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தெருப்புழுதியைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு பாதத்திலிருந்து ரத்தம் கசிந்து மண்ணில் ஒட்டியது.

குனிந்தாள். அணைத்தாள். கல் முழங்காலுக்கு வந்தது. போன வருஷம் நழுவிய இடம் அது; நழுவியது, பிடித்தாள். மடிக்கு வந்தது. மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், ஆவுடை மூச்சுவிட மறந்து நின்றாள். நெஞ்சுக்கு உருட்டினாள். அங்கேயே நின்றது கல், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இத்தனை நாளாக மத்தியான வெயிலில் தள்ளித் தள்ளி, பிடித்துப் பிடித்து, அந்தக் கல்லின் பிடிவாதம் எதுவரை போகும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அதைவிட ஒரு பிடி அதிகமாக நின்றாள். கல் தோளுக்கு ஏறியது. தலையைச் சாய்த்து, தோளைத் தாழ்த்தி, விட்டாள்.

தொம்.

போன பொங்கலுக்குப் பிறகு அந்த ஊர் கேட்காத சத்தம் அது. நடுத்தெரு அதிர்ந்தது. சுடலையின் கடையில் டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பலவேசத்தின் ஆடு எங்கிருந்தோ ஓடி வந்து, கல் பள்ளம் பறித்து ஆழமாகப் பதிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, நம்பிக்கை வந்ததாக விலாவைச் சாய்த்துத் தேய்க்க ஆரம்பித்தது. கல் அசையவில்லை.

தளவாய் தொண்டையைச் செருமினார். பலவேசம் கையைக் காட்டி அவரை அடக்கினார். "இருவே. அவ பேசட்டும்."

முப்பிடாதிக்கு மூச்சு வாங்கியது. நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு, அத்தனை ஆண்களையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஆவுடையைப் பார்த்தாள்.

"பொம்பளையளு படித்துறையில மூணாவது படி ஒடைஞ்சு கெடக்கு" என்றாள். "அதக் கட்டுங்க."